அத்தை முடிந்த நான்கு காசுகள்: ஐந்து நாள் பயணம்

முதல் நாள்: ஈரோடு, ஸ்ரீரங்கம்

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். நான் வண்டி ஓட்டுகிறேன். பக்கத்தில் அப்பா, பின்னால் அத்தை. அத்தையின் மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் நான்கு மஞ்சள் துணி முடிச்சுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய்க் காசு.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு மாரடைப்பு வந்து பைபாஸ் செய்தார்கள். அறுவை அரங்கின் கதவு மூடியதும் அத்தை தாழ்வாரத்தில் உட்கார்ந்து முடிந்த காசுகள் இவை. ஸ்ரீரங்கத்துக்கு ஒன்று, நாகூர் ஆண்டவருக்கு ஒன்று, வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒன்று, சிதம்பரத்துக்கு ஒன்று. "எந்தக் கதவு தொறக்கும்னு எனக்கென்ன தெரியும் கண்ணு? எல்லாத்தையும் தட்டினேன்" என்றார். சென்னிமலைக்கும் பழநிக்கும் சேர வேண்டியது முன்பே சேர்ந்துவிட்டது. வெளியூர்க் கடன்தான் பாக்கி.

யாருக்காக வேண்டிக்கொண்டாரோ அவர் கடவுள் இல்லை என்பவர். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. அப்பா அம்மா திருமணம் சுயமரியாதைத் திருமணம். அப்பாவுக்கு இப்போது 76 வயது. விவரம் தெரிந்த நாளிலிருந்து எந்தக் கோயிலிலும் கைகூப்பியதில்லை. அவர் ஏன் இந்தப் பயணத்துக்கு வந்தார் என்று சிலர் கேட்டார்கள். "கும்புடறது அம்மிணியோட வேலை. கூட்டிட்டுப் போறது அண்ணனோட வேலை" என்பது அவர் பதில். வடலூர் மட்டும் அவராகச் சேர்த்துக்கொண்ட ஊர்.

ஊரை விட்டுக் கிளம்பும்போது பெரியார் அண்ணா நினைவு இல்லம் இருக்கும் தெரு வழியாகப் போகச் சொன்னார். அந்த நேரத்தில் பூட்டித்தான் இருந்தது. "கொஞ்சம் மெதுவாப் போ சாமி" என்றார், அவ்வளவுதான். கொங்குப் பக்கம் பெற்ற பிள்ளையைக் கொஞ்சிக் கூப்பிடுகிற சொல் அது. நம்புகிற வீடு, நம்பாத வீடு என்றெல்லாம் அது பார்ப்பதில்லை.

கரூர் தாண்டும் வரை பெரியாரைப் பற்றித்தான் பேச்சு. ஈரோட்டில் தேவஸ்தானக் கமிட்டித் தலைவராக இருந்தவர் அவர் என்பது அத்தைக்குப் புதிய செய்தி. 1904இல் காசிக்குப் போனபோது, பிராமணர்களுக்கு மட்டும் சோறு போடும் சத்திரத்தில் அவரை வெளியே தள்ளினார்கள். பசி தாங்காமல் தெருவில் எறிந்த எச்சில் இலையில் மிச்சம் இருந்ததை எடுத்துச் சாப்பிட்டார். "பசிச்சவனைக் கதவுக்கு வெளியே நிறுத்துனாங்க. அங்கதான் எல்லாம் ஆரம்பம்" என்றார் அப்பா.

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்தைப் பார்த்ததும் அத்தை வண்டிக்குள்ளேயே கைகூப்பினார். 13 நிலை, 236 அடி. பல நூற்றாண்டாக மொட்டையாக நின்றிருந்ததை 1987இல்தான் கட்டி முடித்தார்கள். அத்தை உள்ளே போனார். அப்பாவும் நானும் கோபுரத்துக்கு முன்னால் இருக்கும் பெரியார் சிலையருகே நின்றோம். 2006இல் உடைக்கப்பட்டு மறுபடியும் வைக்கப்பட்ட சிலை. பெரியார் சிலைகளின் பீடத்தில் இருக்கும் கடவுள் மறுப்பு வாசகங்களை எடுக்கச் சொல்லி ஒரு வழக்கு நடந்தது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கடவுள் உண்டு என்று சொல்ல அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு ஒருவருக்கு உரிமை தருகிறது என்றால், இல்லை என்று சொல்ல இன்னொருவருக்கும் அதே உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கும். ஆனால் அந்த வாசகங்களில் வணங்குகிறவன் காட்டுமிராண்டி என்கிற வரி எப்போதும் உறுத்தும். அத்தை உள்ளே வணங்கிக்கொண்டிருந்த நேரம் என்பதால் இன்று கூடுதலாகவே உறுத்தியது. அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு ஒரு கதை சொன்னார். இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத கதை.

1958, அவருக்கு ஒன்பது வயது. ஊர் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து கோயிலுக்குள் உருண்டு போனது. அதை எடுக்க ஓடியவன் அப்பாவின் சேக்காளி, ஊருக்கு வெளியே இருந்த தெருவைச் சேர்ந்தவன். அவனைப் பிடித்துப் புளிய விளாரால் அடித்தார்கள். அப்புறம் கோயிலைக் கழுவிவிட்டுத் தீட்டுக் கழித்தார்கள்.

"கோயில் நுழைவுச் சட்டம் 1947லயே வந்தாச்சு. எங்க ஊருக்கு வந்து சேரல. அடிச்சவங்க அத்தனை பேரும் காலையில திருநீறு பூசினவங்க. எங்கய்யாவும் அந்தக் கூட்டத்துல நின்னாரு. அன்னிக்கு உள்ள இருந்த கல்லு ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தா நான் இன்னிக்கு அம்மிணி கூட உள்ள போயிருப்பேன்."

அத்தை பிரசாதத்தோடு வெளியே வந்தார். அப்பா கை நீட்டி வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டாம் நாள்: சித்தன்னவாசல்

நேற்று எழுதியதை இரவு விடுதியில் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். பந்து எடுக்கப் போன பையனின் கதை அவருக்கும் தெரியாது. அவர் அப்போது கைக்குழந்தை. காலையில் காப்பி குடிக்கும்போது கேட்டார்: "எனக்கு ஏனுங்கண்ணா ஒரு நாளும் சொல்லல?"

"வெவரம் தெரிஞ்சதுல இருந்து நீ அந்தக் கோயிலுக்குத்தானே அம்மிணி தெனமும் வெளக்கு வெக்கப் போயிட்டிருந்த."

அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

புதுக்கோட்டை போகும் வழியில் சித்தன்னவாசல். இது என் விருப்பத்துக்காக. மலையேற அப்பாவுக்கு அனுமதி இல்லை, அத்தைக்கு முழங்கால் ஒத்துழைக்காது. இருவரையும் கீழே உட்கார வைத்துவிட்டு ஏழடிப்பட்டத்துக்கு நான் மட்டும் போனேன். பாறையின் மறுபக்கச் சரிவில் இறங்கினால் இயற்கைக் குகை. அதில் தரையோடு தரையாகச் சமண முனிவர்களின் 17 கற்படுக்கைகள். தலை வைக்கும் பக்கம் மட்டும் கல் சற்று மேடாக, தலையணை போல. கையால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று, வெயில் நேரத்திலும் சில்லென்று இருந்தது. ஒரு படுக்கையின் ஓரத்தில் தமிழி எழுத்து, தமிழின் பழைய வரிவடிவம்: குமுழூரில் பிறந்த காவுடி ஈதன் என்பவருக்காக இளையர் செய்து கொடுத்த இருப்பிடம் என்று பொருள். சுமார் 2,000 ஆண்டுக்கு முந்தையது. ஒரு துறவிக்கு யாரோ ஒருவர் படுக்கை செய்து கொடுத்திருக்கிறார். அந்தக் கல்லின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஊருக்கு வர நான் ஆசைப்பட்டதற்குக் காரணம் உண்டு. கடவுள் உண்டா இல்லையா என்று கேட்டவுடன் நாம் ஆத்திகர், நாத்திகர் என்று இரண்டு வரிசையாகப் பிரிந்து நிற்கிறோம். சமணம் எந்த வரிசையிலும் நிற்காது. உலகத்தைப் படைத்தவர் என்று யாரும் இல்லை, அது என்றும் இருக்கிறது, வினை தன் வழியில் தானே பலன் தருகிறது என்பது அவர்கள் கொள்கை. வினையை வென்ற அருகரை வணங்குவார்கள். ஆனால் அருகர் படைத்தவர் அல்லர், வேண்டினால் வரம் தருகிறவரும் அல்லர். படைத்தவன் இல்லாத உலகத்தில் உண்ணாநோன்பு இருந்து, எறும்புக்கும் தீங்கு செய்யாமல் வாழ்ந்து இந்தக் கல்லில் படுத்திருக்கிறார்கள். கடவுள் பயம் போனால் ஒழுக்கம் போய்விடும் என்று சொல்கிறவர்களை ஒருமுறை இங்கே கூட்டி வர வேண்டும்.

அறிவர் கோயிலுக்கு மூவரும் போனோம். அங்கே ஏற்றம் குறைவு. 9ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் புதுப்பித்த குகைக் கோயில். விதானத்தில் தாமரைக் குளம் ஓவியம், மீன், யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். பாதி உதிர்ந்துவிட்டது. உட்கருவறையில் மெதுவாக ஓசை எழுப்பினால் அறை முழுக்க அதிரும் என்றார் காவலர். அத்தை ஓம் என்றார். அப்பா வாயை மூடிக்கொண்டு வெறுமனே ம்ம்ம் என்றார். இரண்டுக்கும் சுவர் அதிர்ந்தது, என் காலடி வரைக்கும்.

மாலை தஞ்சாவூர் போகும் வழியில் மணிமேகலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். வஞ்சி நகரில் அவள் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். கடைசியில் பூதவாதி. பூவும் வெல்லமும் சேர்ந்தால் கள்ளின் வெறி பிறக்கிற மாதிரி, நிலம், நீர் போன்ற பூதங்கள் சேர்ந்தால் உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் போய்விடுகிறது, கண்ணால் காண்பது தவிர வேறு எதுவும் உண்மை இல்லை என்கிறான்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பவே சொல்லிட்டான் பாரு."

"அதுக்கு அந்தப் புள்ள என்ன சொன்னா?" என்றார் அத்தை.

"கண்ணால் கண்டதுதான் உண்மை என்றால், உன் தாய் தந்தை இவர்கள்தான் என்று எப்படி அறிந்தாய் என்று கேட்டாள்."

"நல்லாக் கேட்டா."

ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய அந்த வழக்கு, வல்லம் வரும்வரை எங்கள் வண்டிக்குள் நடந்தது. யாரும் தோற்கவில்லை. எனக்கு அதில் ஒரு நிறைவு. நம் மொழியில் இறைவனைப் பாடிய அளவுக்கே இறைவனைக் கேள்வி கேட்டதும் பழசு.

மூன்றாம் நாள்: நாகூர்

நாகப்பட்டினத்துக்குள் நுழையும்போது அப்பாவுக்குச் சூடாமணி விகாரத்தைப் பற்றிச் சொன்னேன். ஆயிரம் ஆண்டுக்கு முன், சுமத்திராவை ஆண்ட ஸ்ரீவிஜய அரசர் இங்கே கட்டிய பௌத்த விகாரம். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைக் கொடுத்தவர் ராஜராஜ சோழர், பெரிய கோயில் கட்டிய அதே சிவபக்தர். எஞ்சி நின்ற கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். இன்று பார்க்க எதுவும் இல்லை, வண்டியை நிறுத்தவில்லை.

நாகூர் தர்காவில் ஐந்து மினாராக்கள். எல்லாவற்றிலும் உயரமானது 131 அடி, அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய அரசர் பிரதாபசிங். அத்தை சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டார். இங்கே அடங்கியிருக்கும் ஞானியை அவர் ஷாகுல் ஹமீது என்று சொல்வதில்லை, ஆண்டவர் என்றுதான் சொல்கிறார். உள்ளே இருந்தவர்களில் பாதிப்பேராவது நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள். இறைவன் ஒருவனே, அவனுக்கு இணை வைக்கக் கூடாது என்பதால் அடக்கத் தலத்தில் வேண்டுவதை ஏற்காத இஸ்லாமியர்களும் உண்டு. என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி அப்படித்தான், ஐந்து வேளை தொழுவாள், தர்காவுக்கு வரமாட்டாள். ஒரே மதத்துக்குள்ளும் ஒரே பதில் இல்லை.

அத்தை முதல் இரண்டு படியில் தடுமாறியதால் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். மயிலிறகால் தலையைத் தடவி ஆசி சொல்லும் பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார், எண்பதுக்கு மேல் இருக்கும். அத்தைக்குத் தடவிவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். அப்பா உயரம். பெரியவரின் கை நடுங்கிக்கொண்டே மேலே வந்தது, எட்டவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா தலையைக் குனிந்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன். கடவுள் வாழ்த்துப் பாடும்போது, தள்ளாத வயதிலும் இரண்டு பேர் தாங்கிக்கொள்ள மேடையில் பெரியார் எழுந்து நின்றதைத் தோழர்கள் சொல்வார்கள் என்றார். அப்புறம், "அவருக்குக் கை வலிக்கும்ல சாமி" என்றார்.

நான்காம் நாள்: வேளாங்கண்ணி

நேற்று இரவே வந்துவிட்டோம். காலையில் கடைத்தெருவில் அத்தை ஒரு வெள்ளித் தகடு வாங்கினார். கண், கை, கால், வீடு, தொட்டில் என்று எல்லாம் அச்சிட்ட தகடுகள் விற்கிறார்கள். எது குணமானதோ அதைக் காணிக்கையாகப் போடுவார்கள். அத்தை வாங்கியது இதயம். அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். காகிதம் போல மெல்லிசு. விரல் பட்ட இடத்தில் குழி விழுந்தது. சட்டையின் மேல் பொத்தான் வழியாக அவருடைய தையல் தழும்பின் நுனி தெரிந்தது. பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

பேராலயத்திலிருந்து மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் ஓர் இளம்பெண் முழங்காலிட்டு நகர்ந்துகொண்டிருந்தாள். கூடவே அவள் கணவர் குடை பிடித்து நடந்தார். இதைப் பார்த்து மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் எதை இழந்தாள், எதைக் கேட்கிறாள் என்று நமக்குத் தெரியாது.

கடற்கரைக்கு நடந்தோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கூட்டம் நிறைந்திருந்த காலை நேரத்தில் ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இங்கே கரையில் நின்ற யாத்ரீகர்கள் பலரைத் தண்ணீர் கொண்டுபோனது. ஆலயத்துக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

மெழுகுவத்தி விற்கும் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பேச விருப்பமில்லையோ என்று நினைத்தேன், அவரே சொன்னார். அன்று அவர் பூசையில் இருந்தார். அவருடைய தம்பி சற்று முன்னால்தான் கடல் பார்க்கப் போனான்.

"மாதா உங்களைக் காப்பாத்துனாங்கன்னு எத்தனையோ பேரு சொன்னாங்கம்மா. நல்ல மனசோடதான் சொன்னாங்க. அப்ப எந்தம்பி என்ன தப்பு செஞ்சான்னு நான் யாருகிட்ட கேக்க? பத்து வருஷம் கோயிலுக்குள்ள போகல. இப்பப் போறேன். ஜெபம் வரல. தெனமும் ஒரு மெழுகுவத்தி ஏத்தி வெப்பேன், தம்பிக்கு. அது எரியிற வரைக்கும் நிப்பேன்."

அப்பா அவர் தோளில் கை வைத்தார். இந்தக் கேள்விக்குத் தன்னிடம் பதில் இருக்கிறது என்று நினைக்கிறவர் அப்பா. இயற்கைக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது, நிலத்தட்டு நகர்ந்தது, கடல் எழுந்தது, அவ்வளவுதான். எனக்கும் அதுதான் நடந்தது என்று தெரியும். ஆனாலும் அந்த மனிதரின் முன்னால் அப்பா அதைச் சொல்லவில்லை.

அறைக்குத் திரும்பும் வழியில் அத்தை மணலில் உட்கார்ந்துவிட்டார். அத்தைக்கு ஒரு மகன் இருந்தான். நான்கு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. இன்று அவரே பேசினார்.

"அவன் போனதும் நானும் ரெண்டு வருஷம் கோயில் பக்கம் போகல. வீட்டுல உக்காந்து சாமிய வஞ்சேன். பகலெல்லாம் வைவேன், ராத்திரியெல்லாம் வைவேன். அண்ணன் வந்து, சாமின்னு ஒண்ணும் இல்ல அம்மிணி, நோவுதான் வந்துச்சு, உன்மேல தப்பில்லன்னு சொன்னாரு. எனக்கு ஆறுதலாத்தான் சொன்னாரு. ஆனா எனக்கு அது பயமா இருந்துச்சு கண்ணு. இல்லீன்னு ஆயிட்டா நான் யாரை வைவேன்? எம்புள்ளைக்காகச் சண்டை போட ஒருத்தரு வேணுமில்ல?"

கடல் சத்தத்தில் அவர் குரல் சில இடங்களில் கேட்கவில்லை. அப்பா தள்ளி நின்றிருந்தார். கேட்டாரா என்று தெரியாது.

இப்போது இரவு பதினொன்று. தூக்கம் வரவில்லை. 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் நகரத்தில் வந்த நிலநடுக்கம் நினைவுக்கு வருகிறது. அனைத்துப் புனிதர்கள் திருநாள், மக்கள் தேவாலயங்களில் நிறைந்திருந்த காலை. கூரைகள் அவர்கள் மேல் விழுந்தன. அதற்குப் பிறகு ஐரோப்பாவின் அறிஞர்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள், நல்லவனும் வல்லவனுமான கடவுள் இதை எப்படி விட்டுவைத்தார் என்று. இங்கே உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள், அங்கே உள்ளே இருந்தவர்கள் இறந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, காப்பாற்றினார் என்று சொல்வது எனக்குக் கடினமாகிறது. இல்லை என்று அத்தையிடம் சொல்வதும் அதே அளவு கடினம்.

நான் எங்கே நிற்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரியவில்லை. யோசிக்காமல் சொல்கிற தெரியவில்லை அல்ல இது, இருபது வருடமாக யோசித்த பிறகும் மிஞ்சியிருப்பது. அப்பாவின் வாதங்கள் எனக்குச் சரியாகவே படுகின்றன. ஆனால் அறுவை நடந்த அந்தக் காலையில், அத்தை காசு முடிந்துகொண்டிருந்தபோது, நான் ஜன்னல் ஓரம் நின்று காப்பாத்து, காப்பாத்து என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். யாரிடம் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. பயத்தில் வந்த சொல்தான். ஆனால் பயத்தில் வந்தது என்பதாலேயே அது பொய் என்றும் ஆகிவிடாது.

ஐந்தாம் நாள்: சிதம்பரம், வடலூர்

கொள்ளிடம் தாண்டிச் சிதம்பரம் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. நான்காவது காசு இங்கே. நடராசர் சந்நிதிக்குப் பக்கத்தில் திரையை விலக்கி ரகசியம் காட்டினார்கள். உருவம் கிடையாது. வெற்றிடத்தில் தொங்கும் தங்க வில்வ இலை மாலைகள் மட்டும். இறைவன் ஆகாயமாக இருக்கிறான் என்பது இந்தத் தலத்தின் கொள்கை. நான் அத்தையோடு நின்று பார்த்தேன். ஒரு கணம்தான், திரை மூடிவிட்டது.

வெளியே காத்திருந்த அப்பாவிடம் அத்தை அதை விவரித்தார். "உள்ள ஒண்ணுமில்லன்னுதானே அம்மிணி நானும் சொல்றேன்?" என்று கேட்டார் அப்பா. வாதத்துக்காகக் கேட்ட குரல் இல்லை அது, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்கறது வேற, வெளிங்கறது வேறங்கண்ணா. ஒண்ணுமில்லாத எடத்துல யாரும் மாலை கட்ட மாட்டாங்க."

அப்பா யோசித்துக்கொண்டே வந்து வண்டியில் ஏறினார்.

வள்ளலார் பிறந்த மருதூர் இந்தப் பக்கம்தான். 1823இல் பிறந்தவர். சிதம்பரத்தையே சுற்றிச் சுற்றி வந்தவர், பிறகு வடலூரில் தானே ஒரு சபை எழுப்பினார். எண்கோணக் கட்டடம், 1872 தைப்பூசத்தில் முதல் வழிபாடு. உள்ளே விக்கிரகம் இல்லை, ஜோதி மட்டும். அதற்கு முன்னால் ஏழு நிறத்தில் ஏழு திரைகள், ஏழும் விலகுவது தைப்பூசத்தன்று. சாதியும் சமயமும் பொய் என்று சொன்னவர். கண்மூடிப் பழக்கமெல்லாம் மண்மூடிப் போகட்டும் என்றவர். அப்பாவுக்கு அவரை எப்போதும் பிடிக்கும். கடவுளை முழுக்க நம்பிய ஒருவர் அப்பாவின் அலமாரியில் இருக்கிறார் என்றால் அது வள்ளலார்தான்.

சபையின் வாசலில் ஓர் அறிவிப்பு: கொலை, புலை தவிர்த்தோர் மட்டுமே உள்ளே புகுதல் வேண்டும். அப்பா நின்றுவிட்டார். புலை என்றால் புலால். நாங்கள் இருவரும் கறி சாப்பிடுகிறவர்கள். மகன் போன பிறகு அத்தை விட்டுவிட்டார், அதனால் அவர் மட்டும் உள்ளே போனார்.

கதவில் எழுதி வைத்து ஆளை நிறுத்துகிறார்களே, அப்பாவுக்கு மனம் கசந்துவிடுமோ என்று எனக்குக் கவலை. அவர் அந்த எழுத்தை இரண்டு தடவை படித்தார். "இது வேற கதவு சாமி. நீ யாருக்குப் பொறந்தவன்னு இது கேக்கல. என்ன செய்யறேன்னு கேக்குது. நாளைக்கு நான் விட்டுட்டா நாளைக்கே என்னைய உள்ள விடும். எஞ்சேக்காளி என்ன விட்டிருந்தா அவனை உள்ள விட்டிருப்பாங்க?"

பெருவெளியைக் கடந்து தருமசாலைக்கு நடந்தோம். இங்கே எந்தக் கேள்வியும் இல்லை. 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு, இன்றுவரை அணைந்ததில்லை. நாகையில் புத்த விகாரத்தின் கடைசிக் கோபுரத்தை இடித்த அதே 1867. ஊர் மக்கள் கொடுத்த 80 காணி நிலத்தில் எழும்பிய சாலை. பசி என்று யார் வந்தாலும் சோறு.

அடுப்பருகே போய் நின்றோம். முகத்தில் அனல் அடித்தது. சுவரெல்லாம் கரி. ஒருவர் கட்டையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார், முன்கையில் ரோமமே இல்லை, எல்லாம் பொசுங்கியிருந்தது. ராத்திரியில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அப்பா கேட்டார். ஆள் மாறி ஆள் இருப்போம் ஐயா என்றார் அவர். மழைக்காலத்தில் விறகு நனைந்தால்? அதற்கென்று உலர்ந்த கட்டை தனியாக வைத்திருப்போம் என்றார். அப்பா இன்னும் நாலைந்து கேள்வி கேட்டார், விறகைப் பற்றி, அரிசியைப் பற்றி. கடவுளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

பந்தியில் தரையில் உட்கார்ந்தோம். பைபாஸுக்குப் பிறகு அப்பா தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது இதுதான் முதல் தடவை. அவருக்கு ஒரு பக்கம் காவி கட்டிய சாமியார், இன்னொரு பக்கம் பள்ளிச் சீருடையில் ஒரு பையன். சோறு, சாம்பார், மோர். அந்தப் பையன் இரண்டாம் முறை சோறு கேட்கத் தயங்கியதைப் பார்த்து அப்பாவே பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தக் கதவு எங்க தாத்தா காலத்துலயே தொறந்துதான் இருந்திருக்கு" என்றார் கை கழுவும்போது. "எங்க ஊருக்குத்தான் தெரியல."

இப்போது விருத்தாசலம் தாண்டி ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீடு போய்ச் சேர நள்ளிரவு ஆகும். சற்று முன் வண்டியில் நடந்ததை மட்டும் எழுதிவிட்டுக் கிளம்புகிறேன்.

அத்தையின் துணிப்பை காலி. நான்கு மஞ்சள் துணிகளையும் மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அப்பா முன்னால் பார்த்தபடியே கேட்டார்: "ஆபரேசன் அன்னிக்கு என்ன சொல்லி வேண்டிக்கிட்ட அம்மிணி?"

அத்தை கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை.

"எங்கண்ணன் உன்னைய நம்பாதவரு. ஆனா ஒரு நாளும் பொய் சொன்னவரில்ல. ஒருத்தரையும் வாசல்ல நிறுத்தினவரில்ல. நீ இருந்தா அவரை விட்டுவையின்னு கேட்டேன்."

"இருந்தான்னா கேட்ட?"

"ஆமாங்கண்ணா. அன்னிக்கு எனக்கும் அப்படித்தான் வந்துச்சு."

அப்பா திரும்பி அத்தையைப் பார்த்தார். இருட்டில் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. எதிரே ஒரு லாரி போனது. அது போன பிறகு என் பக்கம் சாய்ந்து சொன்னார்:

"அந்தக் கண்ணாடிய ஏத்து சாமி. அம்மிணிக்குக் காத்து அடிக்குது."